சில நிமிடப் பாட்டு, 14 வருடப் போராட்டம்

ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வுட்கிரேஞ்ச் ரோட். அந்தத் தெருவில் 1966 டிசம்பரில் 'அப்பர் கட்' என்று ஒரு இசைக் கிளப் திறந்தது. நடத்தியவர் பில்லி வோக்கர் என்ற குத்துச்சண்டை வீரர். பெயரிலேயே குத்து இருக்கிறது, கவனியுங்கள். கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் அங்கே கிட்டார் வாசித்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டை அந்தக் கிளப்பின் உடை மாற்றும் அறையில்தான் எழுதினார் என்பது எங்கள் ஊர்க்காரர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் கதை. கிளப் ஒரு வருடம்தான் ஓடியது. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை.

அதே ஸ்டேஷனிலிருந்து வடக்குப் பக்கம் நடந்தால் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ். பெரிய புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்போல் விளையாடும் எங்கள் பெடியன்களுக்குத் தெரிந்த இடம்தான். 1871 ஜூலையில் இந்த நிலத்தை வேலி போட்டு அடைத்தபோது ஆயிரக்கணக்கான கிழக்கு லண்டன் மக்கள் இங்கே கூடினார்கள். வேலியைப் பிய்த்தும் எறிந்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1878ல், எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடும் அதைச் சேர்ந்த இந்தப் புல்வெளியும் பொதுமக்களுக்கென்று காப்பாற்றப்பட்டன.

ஆகவே பாட்டும் சுற்றுச்சூழலும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு தமிழ் வீட்டில் 19 வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் சேர்த்து, "கோடை விடுமுறை முழுக்க இதைத்தான் படம் பிடிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

என் சித்தியின் மகன் அப்படித்தான் சொன்னான். சித்தி எனக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, நீ ஒருக்கா அவனோட கதை. கமராவைத் தூக்கிக்கொண்டு பின்னேரம் முழுக்கத் திரியிறான். ஒரு நாள் பப்பிலை பாட்டு எண்டுறான், அடுத்த நாள் குருவி எண்டுறான். மற்றப் பிள்ளையள் எல்லாம் இன்டர்ன்ஷிப் எடுத்திட்டுதுகள். நீ எஞ்சினியரிங்கில மாஸ்டர்ஸ் செய்தனி, நீ சொன்னாக் கேப்பான்."

எங்கள் குடும்பத்தில் மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு இப்படி ஒரு கூடுதல் வேலை உண்டு. ஐ.டி. கன்சல்டன்டாக நான் வாங்கும் சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது இலவச சேவை.

அவனைச் சந்தித்தேன். அவன் வாதாடவில்லை. நான் சொல்லப் போவதெல்லாம் தெரியும் என்பது போல் ஒரு கேள்வி மட்டும் கேட்டான். "அண்ணா, இன்டர்ன்ஷிப்பை விட்டிட்டு இதைச் செய்யிறதெண்டால், இதாலை ஏதாவது மாற வேணும். உண்மையைச் சொல்லுங்கோ. வீடியோ போட்டு எங்கயாவது ஏதாவது மாறியிருக்கா?"

நல்ல கேள்வி. உங்களில் பலருக்கும் இருக்கும் கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் கோடைக்கானல்.

கோடைக்கானல் தமிழ்நாட்டில் பழனி மலைகளின் மேல் இருக்கும் ஊர். தேனிலவுக்குப் போகிற இடம் என்றுதான் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தெர்மோமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஆலையைக் கழற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் லீவர், பிறகு ஹிந்துஸ்தான் யூனிலீவர் என்று பெயர். நாங்கள் குளிக்கும் சோப்பு, தேய்க்கும் ஷாம்பு, குடிக்கும் தேயிலை என்று வீட்டுக்கு வீடு போன கம்பனி.

தெர்மோமீட்டருக்குள் இருந்தது பாதரசம். அது எப்படிப்பட்ட பொருள் என்று ஒரு எஞ்சினியராக இரண்டு வரியில் சொல்கிறேன். சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். நிறமில்லை, மணமில்லை, மூச்சோடு உள்ளே போகும். தண்ணீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் மெர்க்குரியாக மாற்றும், அது மீனுக்குள் போகும், மீனிலிருந்து மனிதனுக்கு வரும். நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

2001 மார்ச்சில் கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் உடைந்த தெர்மோமீட்டர்க் கண்ணாடி குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். 7.4 டன். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003ல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவும் பொருட்களும் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டிலிருந்து ஆலை வந்ததோ அந்த நாட்டுக்கே கழிவு திரும்பிப் போனது.

ஆனால் மண்ணில் இறங்கியது திரும்பவில்லை. ஆலை நின்ற இடம் ஒரு மலைச்சரிவு, அதற்குக் கீழே பாம்பார் சோலைக் காடு. அங்கே வேலை செய்த மனிதர்களின் உடம்பில் போனதும் திரும்பவில்லை என்றார்கள் தொழிலாளர்கள். தங்கள் ஆலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்றது கம்பனி.

இந்த இடத்தில் 14 வருடங்களை நீங்கள் வேகமாகக் கடந்து போய்விடக் கூடாது. அந்த 14 வருடமும் என்ன நடந்தது? முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். யார் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை செய்தார்கள், யாருக்கு என்ன வருத்தம், யார் இறந்தார்கள் என்று பட்டியல் போட்டார்கள். 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே வருடம், இந்திய அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகம் ஒன்று கோடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும் மீனிலும் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று அளந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நித்தியானந்த் ஜெயராமன் போன்ற எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மனு, வாய்தா, ஊர்வலம், மறுபடி மனு. யாரும் ஷேர் பண்ணாத வேலைகள்.

பிறகு 2015 ஜூலை 30. 'கோடைக்கானல் வோண்ட்' என்ற வீடியோ இணையத்தில் ஏறியது. பாடியவர் சென்னையின் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப். விளம்பரத் துறையில் வேலை செய்தவர். ஒரு பொருளை எப்படி விற்கிறார்கள் என்று உள்ளே இருந்து பார்த்தவர். இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டை எடுத்து, அதில் பாதரசக் கதையைப் போட்டார்கள். கம்பனியின் பெயரைச் சொல்லி, இடத்தைத் தூய்மையாக்கு, தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடு என்று நேரடியாகக் கேட்டார்கள். பார்த்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு மனுவும் தயாராக இருந்தது.

நான் அப்போது இருபதுகளில் இருந்தேன். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் போகும் காலை ரயிலில், நின்றபடி, ஃபோனில் பார்த்தேன். சில நாட்களில் பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். அப்போது யூனிலீவரின் தலைவராக இருந்த போல் போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. தீர்வுக்காக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறோம், பொய்யான உணர்ச்சிகள் வேண்டாம், உண்மைகள் வேண்டும் என்ற பொருளில் எழுதினார்.

அந்த ரயிலில் எனக்கு உறைத்தது வேறொன்று. யூனிலீவரின் லண்டன் தலைமை அலுவலகம் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தின் பக்கத்தில், தேம்ஸ் கரையில் இருக்கும் அந்தப் பெரிய வளைந்த வெள்ளைக் கட்டடம். எத்தனை தடவை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன்! மலையில் இருக்கும் ஒரு தமிழ்த் தொழிலாளி 14 வருடமாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு எங்கள் நகரத்தில் இருந்திருக்கிறது. பாட்டு வரும் வரைக்கும் எனக்கு அது தெரியாது.

2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிறோம் என்றது கம்பனி. தொகையை வெளியே சொல்லவில்லை. எப்படியிருந்தாலும், 14 வருடம் நகராத ஒன்று எட்டு மாதத்தில் நகர்ந்தது.

இதைக் கேட்டதும் தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்ப வீடியோ வேலை செய்யுது!"

"பொறு," என்றேன்.

என் தொழிலில் ஃப்ரன்ட் எண்ட், பேக் எண்ட் என்று இரண்டு உண்டு. நீங்கள் ஃபோனில் அமத்தும் அழகான பட்டன் ஃப்ரன்ட் எண்ட். அமத்தியதும் பின்னால் ஓடும் டேட்டாபேஸ், கணக்கு, சரிபார்ப்பு எல்லாம் பேக் எண்ட். எவ்வளவு அழகான பட்டன் செய்தாலும் பின்னால் ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் படம். பின்னால் எல்லாம் தயாராக இருந்து பட்டன் மட்டும் இல்லையென்றால், அவ்வளவு வேலையும் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். கோடைக்கானலில் பேக் எண்ட் 14 வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. சோஃபியா அஷ்ரஃபும் ரதீந்திரனும் பட்டன் செய்தார்கள். தலைவர் 'உண்மைகள் வேண்டும்' என்றபோது, பட்டியலும் ஆய்வும் வழக்கும் மேசையில் தயாராக இருந்தன. அவை இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால் ஒரு வாரம் சிரித்து ரசித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்போம்.

இன்னொன்றையும் சொன்னேன். உடன்பாட்டோடு கதை முடியவில்லை. மண் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற அளவில் சுத்தம் செய்ய கம்பனி திட்டம் போட்டது. பிரிட்டனில் இதே வேலையைச் செய்தால் இதைவிடப் பல மடங்கு கடுமையான அளவைக் கேட்பார்கள், தமிழ்நாட்டு மலைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்டார்கள் போராடியவர்கள். அதற்காக 2018ல் 'கோடைக்கானல் ஸ்டில் வோண்ட்' என்று இரண்டாவது வீடியோ வந்தது. அதே ரதீந்திரன், அதே சோஃபியா, கூடவே கர்நாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும். முதல் பாட்டின் புகழோடு அவர்கள் போய்விடவில்லை. மூன்று வருடம் கழித்து அதே மலைக்குத் திரும்பி வந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2017 ஜனவரியில், இதே இயக்குநர் எடுத்த வீடியோதான் 'புறம்போக்கு பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி, சென்னையின் தனியிசைக் கலைஞர். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. சபாவில் கேட்கும் ராகங்களில், சென்னைத் தெருவில் பேசும் தமிழ். இடம் எண்ணூர்க் கழிமுகம். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த நிலம்.

புறம்போக்கு என்ற சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தமிழ்ப் படங்களில் வசவாகக் கேட்டிருப்பீர்கள். அதன் பழைய பொருள் வேறு. தனியாருக்குச் சொந்தமில்லாத, வரி விதிக்காத பொது நிலம். மேய்ச்சல் நிலம், ஏரி, ஆற்றங்கரை எல்லாம் புறம்போக்கு. எல்லோருக்கும் சொந்தமானது, காலப்போக்கில் யாருக்கும் உதவாதது என்று அர்த்தமாகி, கடைசியில் மனிதரைத் திட்டும் சொல்லாகிவிட்டது. பொது நிலத்துக்கு மரியாதை போனதும் அந்தச் சொல்லுக்கும் மரியாதை போய்விட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தம்பி நிமிர்ந்தான். "அப்ப வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸும் புறம்போக்குத்தானே அண்ணா?"

ஓம். அதேதான். 1871ல் வேலியைப் பிய்த்தவர்கள் தங்கள் புறம்போக்கைத்தான் காப்பாற்றினார்கள். நான் இத்தனை வருடம் அங்கே நடந்தும் எனக்கு வராத யோசனை அவனுக்கு வந்தது.

சித்திக்கு நான் சொன்ன பதில் இது. "சித்தி, இந்த சமரை அவனுக்குக் குடுங்கோ. ஆனா ஒரு நிபந்தனை. முதல் இரண்டு கிழமை கமராவைத் தொடக்கூடாது எண்டு சொல்லியிருக்கிறன்." சித்திக்கு நிபந்தனை பிடித்திருந்தது. காரணம் புரிந்ததா என்று தெரியாது.

அந்த இரண்டு கிழமையும் அவன் புல்வெளிக்கு வெறுங்கையோடு போனான். அங்கே வானம்பாடிகள் இருக்கின்றன. மரத்தில் கூடு கட்டாத பறவை. புல்லுக்குள், தரையில் முட்டையிடும். பாடிக்கொண்டே நேராக மேலே ஏறும். லண்டனின் நடுப்பகுதிக்கு இவ்வளவு கிட்ட அவை கூடு கட்டுவது அபூர்வம். கூடு கட்டும் மாதங்களில் புல்வெளியின் சில பகுதிகளுக்குத் தற்காலிக வேலி போடுகிறார்கள். வேலியைப் பிய்த்து மீட்ட நிலத்தில், பறவைக்காக மறுபடி வேலி!

அங்கே பல வருடங்களாகப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு ஆங்கிலேயப் பெண்மணியைச் சந்தித்தான். ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கொப்பி, ஒரு பென்சில். "உங்களைப் பற்றி ஒரு டொக்யுமென்டரி எடுக்கவா?" என்று கேட்க வாயெடுத்தவன், நிபந்தனை ஞாபகம் வந்து, "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டிருக்கிறான்.

அவர் யோசிக்கவே இல்லையாம். "இந்த வேலி ஏன் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். பிள்ளைகள் பந்தெடுக்க உள்ளே ஓடுகிறார்கள். இந்த ஊரில் எத்தனை மொழி பேசுகிறார்கள், அறிவிப்புப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. ஒரு நிமிட வீடியோ போதும்."

அவன் மனதில் 20 நிமிடப் படம் இருந்தது. ட்ரோன் காட்சி எல்லாம் யோசித்து வைத்திருந்தான். ட்ரோன் பறந்தால் பறவை பயப்படும் என்று அவர் சொன்னதும் அதுவும் போனது. முகம் வாடித்தான் வந்தான். ஆனால் எடுத்தான்.

இரவுகளில் அவன் படம் பிடித்துக்கொண்டிருந்த சின்னக் கச்சேரிகள் அப்போது உதவின. பப்பின் மேல்மாடியில் 30 பேர் முன்னால் வாசிக்கும் பிள்ளைகள். ஒரு கிட்டார், ஒரு கீபோர்ட், கதவில் ஒரு உண்டியல். அவர்களுக்குத் தங்கள் பாட்டின் நல்ல வீடியோ வேண்டும், இவனுக்கு உரிமைப் பிரச்சினை இல்லாத இசை வேண்டும். காசில்லாமல் கைமாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஊர்களில் நாற்று நடுகைக்கு ஆள் மாற்றிக்கொள்வது மாதிரி.

ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று செய்தான். தமிழ்க் குரல் எங்கள் அம்மம்மாவுடையது. இருவருக்கும் ஒரே அம்மம்மா. 81 வயது. 'வானம்பாடி' என்று அவ சொல்லும்போது அந்தச் சொல்லில் வானமும் இருந்தது, பாட்டும் இருந்தது. வங்காளத்திலும் உருதுவிலும் செய்ய அவனுடைய வகுப்புப் பெடியன்கள் வந்தார்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள்? கடைசியாக நான் பார்த்தபோது தமிழ் வீடியோவுக்கு 412 பார்வை. கோடைக்கானலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பெண்மணி அதைத் தன் ஃபோனில் வைத்துக்கொண்டு, வேலியருகே நிற்கும் குடும்பங்களுக்கு அவரவர் மொழியில் காட்டுகிறார். ஒரு தாத்தா அம்மம்மாவின் குரலைக் கேட்டு, "இது யாழ்ப்பாணத் தமிழ்" என்று சொல்லி, நாயைக் கயிற்றில் கட்டினாராம். அவனுக்கு அந்த 412ஐவிட அந்த ஒரு நாய்தான் பெரிய சந்தோஷம்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் நொர்வேயிலும் கனடாவிலும் இருப்பீர்கள். சுற்றுச்சூழல் என்றால் பெரிய மேடை, பெரிய பெயர்கள் என்று நினைக்கலாம். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை உங்கள் வீட்டிலும் கதைத்திருப்பார்கள். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பின்னாலும் தண்ணீர் மாதிரி எடுத்தவர்கள், போத்தலில் திகதி எழுதி ஒட்டியவர்கள், நீதிமன்றப் படி ஏறியவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரிலும் இப்படி யாரோ ஒருவர் கொப்பியும் பென்சிலுமாக நிற்கிறார்.

அடுத்த கோடைக்கு நீங்கள் கமராவோடு வெளியே போவதாக இருந்தால், முதலில் அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். எவ்வளவு காலமாக நிற்கிறார் என்று கேளுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் கேட்பது உங்கள் கனவுப் படத்தைவிடச் சின்னதாக இருக்கும், பரவாயில்லை, அதை எடுங்கள். எடுத்து முடிந்ததும் திரும்பியும் ஒருக்காப் போங்கள். தம்பி இந்த மார்ச்சில் போனான், கூடு கட்டும் காலம் தொடங்குகிறது என்று. இந்த முறை அவன் கையில் கமராவோடு ஒரு கொப்பியும் இருந்தது.